பலகார ஆச்சிக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

பிப்ரவரி 3, மாலை. கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது

அண்ணே, எங்க பெரியாத்தா 35 வருடமாகப் பலகாரத் தொழில் செய்கிறார்கள். வீட்டு வளவில் ஒற்றை அடுப்போடு தொடங்கியது, இன்று 22 பெண்களுக்கு வேலை. சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் டின் போகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டோம். மறுநாளே ‘குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது’ என்று மேலே பலகை மாட்டிவிட்டார்கள். ஒரு படத்தில் இரண்டு காட்சி வந்தவருக்கெல்லாம் கட்டுரை இருக்கிறது. எங்க ஆச்சிக்கு மட்டும் ஏன் கூடாது? ஒன்பது ஆதாரம் கொடுத்திருக்கிறோம்.

பிப்ரவரி 3, இரவு 10.15

உங்கள் பெரியாத்தா சாதித்தவரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத யாராவது, நம்பத்தக்க ஓர் இடத்தில், நாலு வரிக்கு மேல் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 22 பேருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பவர் என் கணக்கில் பெரிய மனுஷிதான். ஆனால் என் கணக்கும் உங்கள் கணக்கும் அங்கே செல்லாது.

ஒன்பது ஆதாரத்தையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பிப்ரவரி 4, காலை

பார்த்துவிட்டேன். இரண்டு முகநூல் பக்கங்கள், ஒன்று கடையின் சொந்த இணையதளம், ஒன்று சென்னை ஹோட்டல் ஒன்றில் கொடுத்த விருதின் படம், இரண்டு மணிவிழா மலர்க் கட்டுரைகள், மூன்று செய்தித்தாள் துண்டுகள். முகநூலையும் இணையதளத்தையும் விட்டுவிடுங்கள். நம்மைப் பற்றி நாமே சொல்வது சான்று ஆகாது.

விருதைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த விருதுக்கு ‘பதிவுக் கட்டணம்’ கட்டினீர்களா?

பிப்ரவரி 4, இரவு

கட்டியிருக்கிறார்கள். ஏழாயிரத்து ஐநூறு. சால்வை, கேடயம், மதியச் சாப்பாடு சேர்த்து.

சரி, மணிவிழா மலருக்கு வருவோம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. காரைக்குடியில் 29 வருடம் அச்சகம் வைத்திருந்தவன் நான். நம் பக்கத்தில் சாந்திக் கல்யாணம் என்றால் பந்தல், நாதசுரம், சமையல், மலர் என்று நாலு செலவு உண்டு. மலர் அடித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினேன். அதில் எழுதுபவர் யார்? மாப்பிள்ளை, சம்பந்தி, பேரன் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரர். ‘வள்ளலே’ என்று தொடங்காத கட்டுரையை நான் கோர்த்ததே கிடையாது. ஒரு முறை ஒருவரைப் பற்றி ‘கறாரானவர்’ என்று எழுதி வந்தது. வீட்டுக்காரர்கள் பதறிப்போய் ‘கனிவானவர்’ என்று மாற்றச் சொன்னார்கள். நானும் மாற்றினேன். இப்படிப்பட்ட மலரை ஆதாரமாக வைத்து ஒரு மனிதரைப் பற்றி என்ன எழுத முடியும்?

தேதிக்கு ஆகும். எந்த ஊரில் பிறந்தார், எந்த வருடம் கல்யாணம் என்பதற்கு மலரை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிடத்தக்கவர் என்று காட்ட ஆகாது.

பிப்ரவரி 5

செய்தித்தாள் துண்டுகள் மூன்றும் தனித்தனிப் பத்திரிகைகள்தான். நேற்று சந்தோஷப்பட்டேன். இன்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூன்றிலும் ‘கவுணி அரிசி’.

கவுனி. றன்னகரம்கூட இல்லை, சாதாரண னகரம். மூன்று நிருபர்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாக ஒரே பிழையைச் செய்ய மாட்டார்கள். ஒரே தாளை மூன்று பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் அப்படியே போட்டிருக்கிறார்கள். ஆக மூன்று சான்று இல்லை, ஒன்று. அந்த ஒன்றும் கடையிலிருந்தே போனது.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். னகரத்துக்குப் பெயரே றன்னகரம்தான். ‘றன்னகரம்கூட இல்லை’ என்று எழுதிவிட்டேன், டண்ணகரம் என்று இருக்க வேண்டும். பிழை கண்டுபிடிக்கிறவன் பிழை செய்தால் ஊர் சிரிக்கும். ஒருவர் ஏற்கெனவே சிரித்துக் கீழே குறி போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 6

தேவகோட்டை நண்பர் கேட்கிறார்: ‘இணையத்தில் என்ன இடப் பஞ்சமா? ஓரமாக ஆச்சியும் இருந்துவிட்டுப் போகட்டுமே?’

இடப் பஞ்சம் இல்லை. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கு அது இருந்தது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி, ஒவ்வொரு பக்கமும் காசு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் காகிதச் செலவு கிடையாது. அங்கே பஞ்சம் ஆளுக்கு. சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து சரிபார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். சான்றில்லாத கட்டுரையில் நாளைக்கு ஒருவர் வந்து ‘இவர் பலகாரத்தில் பாமாயில் கலக்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்தால், அது பொய் என்று எதை வைத்துச் சொல்வது? உயிரோடு இருப்பவரைப் பற்றிய பக்கம் என்பதால் இந்தப் பயம் இன்னும் அதிகம். ஆதாரம் வேண்டும் என்பது ஆச்சிக்கும் பாதுகாப்புதான்.

இரண்டு காட்சி நடிகர் விஷயம்: அவருக்குச் சான்று இல்லையென்றால் அவர் கட்டுரையும் போக வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வரி கட்டவில்லை என்பதற்காக நகராட்சி நம்மை விடுமா?

பிப்ரவரி 7, இரவு

எழுதியதை மறுபடி படித்தால் நான் ரொம்ப நியாயஸ்தன் மாதிரி தெரிகிறது. எனக்கே பிடிக்கவில்லை. மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

டோனா ஸ்ட்ரிக்லண்ட். 2018 அக்டோபரில் இயற்பியல் நோபல் வாங்கினார். 55 வருடத்துக்குப் பிறகு அந்தப் பரிசை வாங்கிய பெண். அன்று காலை வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் கிடையாது. அதே ஆண்டு மே மாதம் யாரோ எழுதிய பக்கத்தை, சான்று போதாது என்று நீக்கியிருந்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் பிரான்செஸ்கா திரிபோடி 2021இல் வெளியிட்ட கணக்கு இன்னொன்று. 2017 ஏப்ரலில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்த வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையது 17 விழுக்காடு. அந்த மாதம் நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்த வரலாறுகளில் பெண்களுடையது 41 விழுக்காடு. விதி ஒன்றுதான், பிடிக்கிற கைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆச்சியின் கட்டுரைக்கு மறுநாளே பலகை விழுந்தது. சான்றே இல்லாத ஆண் தொழிலதிபர் கட்டுரைகள் எத்தனை, எத்தனை வருடமாகப் பலகை இல்லாமல் கிடக்கின்றன என்று இன்று மாலை தேடினேன். பத்து நிமிடத்தில் ஆறு அகப்பட்டது.

பிப்ரவரி 8

ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், சரிதான். ஸ்ட்ரிக்லண்ட் பக்கத்தை 2018 மே மாதம் நீக்கவில்லை. அப்போது நடந்தது வரைவை ஏற்காமல் திருப்பியது. நீக்கியது 2014இல், அதுவும் பதிப்புரிமைச் சிக்கலால். என் வாதம் விழுந்துவிடவில்லை, கொஞ்சம் நொண்டுகிறது.

பிப்ரவரி 8, பிற்பகல்

கேட்டவர் இன்று காலை தனியாக எழுதிய ஒன்றை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். கட்டுரையை எழுதியது குடும்பத்தார் இல்லை. ‘விக்கிப்பீடியா பக்கம் செய்து தருகிறேன்’ என்று ஒருவர் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார். பலகை விழுந்ததும் ‘அதை எடுக்க இன்னும் 10,000 ஆகும்’ என்கிறாராம்.

அம்மா தாயே, ஒரு காசு கொடுக்காதீர்கள். இது புது வித்தை இல்லை. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா இப்படி ஒரு கூட்டத்தைப் பிடித்து 381 கணக்குகளை ஒரே அடியாக முடக்கியது. சின்னத் தொழில் செய்கிறவர்களாகப் பார்த்துப் பிடிப்பது, பக்கம் போட்டுத் தருவதாகப் பணம் வாங்குவது, அப்புறம் பக்கத்தைக் காப்பாற்றுவதற்கு மாதாமாதம் கேட்பது. காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதலே விதி உண்டு. உங்கள் ஆள் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

கட்டுரையோடு சேர்ந்த, எல்லோரும் விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் நீங்களே போய் நடந்ததை எழுதிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏமாந்தவர் நீங்கள்.

பிப்ரவரி 10

இரண்டு நாள் எழுதவில்லை. இலுப்பைக்குடியில் ஒரு கல்யாணம்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ‘நம்ம பொம்பளைகளுக்கு எங்க தொழில் இருந்துச்சு, ஆம்பளைகதான் பர்மா போனாங்க’ என்றார். அங்கேயே சண்டை பிடித்திருப்பேன், உக்கரை வந்துவிட்டது.

இங்கே சண்டை பிடிக்கிறேன். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் சுமார் 1,650 என்று அங்கே நடந்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் கடைகளில் போட்ட முதல் எல்லாம் ஆண்கள் சம்பாதித்ததா? பேரேட்டில் ‘ஆச்சிமார் பணம்’ என்று தனியாகவே ஓர் இனம் உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பணம் அவள் பேரில் கடையில் கிடக்கும், வட்டி ஏறும். தொழிலே அடுத்தவர் பணத்தைச் சேர்த்துச் சுழற்றுவதுதான் என்னும்போது, அதில் இந்த ஆச்சிமாரும் பணம் போட்டவர்கள்தானே? ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது ஆண்களின் பெயர். பத்திரத்தில் இவள் இன்னார் மனைவி.

டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வணிகத்தைப் பற்றி 1994இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஆச்சிமார் பணம் வருகிறது. அதனால் இன்று அதை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் எழுதலாம். என் அப்பத்தா பேரேட்டில் இருக்கிறது என்று நான் எழுத முடியாது. ஒரே செய்திதான். வெளியாள் ஒருவர் பார்த்து எழுதினால் சான்று, நாமே பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினால் சான்று இல்லை. சில நாள் இது சரி என்று படுகிறது. சில நாள் எரிச்சல் வருகிறது. இன்று எரிச்சல்.

பிப்ரவரி 11

‘அப்படியானால் செட்டிநாட்டில் எந்தப் பெண்தான் தேறுவார்?’ என்று கேள்வி.

நிறையப் பேர். கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னுவதை மீட்டெடுத்த விசாலாட்சி இராமசாமி. காரைக்குடியில் பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கிய மீனாட்சி மெய்யப்பன். இவர்களைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகள் ஆள் அனுப்பி, பார்த்து, விரிவாக எழுதியிருக்கின்றன. அதில் வாதமே வராது.

வாதம் வருகிற இடம் வள்ளி அருணாசலம். பள்ளத்தூரிலிருந்து கிளம்பிய, முருகப்பா தொழிற்குழுமத்தின் குடும்பம். தந்தை 2017இல் காலமானார். குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடியில் தந்தை வழி வந்த பங்கு இருந்தும் இயக்குநர் இடம் தரவில்லை என்று கேட்டார். 2020இல் ஓட்டெடுப்பில் தோற்றார், 2023இல் சமரசம் ஆனது. சான்றுக்குப் பஞ்சமே இல்லை, நாடு முழுக்கச் செய்தி. ஆனால் முக்கால்வாசிச் செய்தி அந்த ஒரு வழக்கைப் பற்றியது. ஒரு நிகழ்வால் மட்டும் அறியப்பட்டவருக்குத் தனிப் பக்கமா, குழுமத்தின் பக்கத்தில் ஒரு பகுதியா? எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. அவர் அணுவியல் படித்த விஞ்ஞானியும்கூட. அதைக் குடும்பச் சண்டையின் அடிக்குறிப்பாகப் போடுவதும் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 13, இரவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்

இன்று ஆச்சியைப் போய்ப் பார்த்தேன். வாசகிதான் கூட்டிப்போனார்.

இரண்டாம் கட்டில் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் மனகோலத்துக்குப் பாகு. இன்னொரு பக்கம் ஆறு பெண்கள் சீப்புச் சீடைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். வரி வரியாக மாவைப் பட்டையாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, ஆள்காட்டி விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டி, அப்படியே உருவித் தட்டில் வைக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு நொடி இருக்காது. ஒட்டிய ஓரம் எண்ணெயில் பிரிந்தால் யாருடைய விரல் என்று ஆச்சிக்குத் தெரிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு கட்டுரையிலும் இது இல்லை. ‘தலைசிறந்த தொழில்முனைவர்’ என்று மட்டும் இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். காசு வாங்கியவனைப் பற்றிச் சொன்னதும் தங்கை மகளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், சீடையே வறுபட்டிருக்கும். அப்புறம் என்னிடம், ‘எழுதுனதெல்லாம் நம்ம வீட்டு ஆளு எழுதுனதுதான். ஒருத்தன் மட்டும் சொல்லாம கொள்ளாம வந்தான்’ என்றார்.

யார்?

பழைய டிராங்குப் பெட்டியில் இருந்து ஒரு பத்திரிகைத் துண்டு வந்தது. ஒரு முழுப் பக்கம். யாரோ வார இதழ் நிருபர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, பாதி நாள் இருந்து, பலகாரம் வாங்கிக் காசும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டுரையில் புகழ்ச்சி குறைவு. ‘விலை சற்று அதிகம்’ என்று ஒரு வரிகூட இருக்கிறது. எனக்குக் கண் கலங்காத குறை. இதுதானே ஐயா சுதந்திரமான சான்று!

ஆனால் ஆச்சி படத்தைச் சுற்றி ரொம்ப அழகாகக் கத்தரித்திருக்கிறார். பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் எல்லாம் கத்தரிக்குப் போய்விட்டன. எந்தப் பத்திரிகை என்று கேட்டால் ‘அட்டை மஞ்சளா இருந்துச்சு’ என்கிறார்.

பிப்ரவரி 14

துண்டின் பின்பக்கத்தில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு விளம்பரம் பாதி. லாட்டரியை இங்கே தடை செய்தது 2003 ஜனவரியில். ஆகவே அதற்கு முந்தியது.

பிப்ரவரி 14, பத்து நிமிடம் கழித்து

கண்டனூர் நண்பர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். முதல் வரியிலேயே ‘பசும்பொன் மாவட்டம், காரைக்குடி அருகே’ என்று இருக்கிறதாம். நான் லாட்டரியைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். இராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்து இந்த மாவட்டம் வந்தது 1985இல். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று எடுத்து, இது சிவகங்கை ஆனது 1997இல். ஆக 12 வருடம். வார இதழ் என்றால் 600க்கு மேல்.

பிப்ரவரி 15, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தில் ஆச்சி கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் ஒரு அட்டை. அதில் ‘சீப்பு சீடை’ என்று, ஒற்று இல்லாமல்.

அந்த அட்டை நான் அடித்தது.

பரணில் ஏறி வேலைப் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 1992 ஜூலை: உள்ளட்டை 1,000, இரண்டு நிறம். அப்போது கடைக்குப் பெயர்கூடக் கிடையாது, வாங்க வந்தவர் அவர் கணவர். அதனால்தான் இத்தனை நாள் எனக்கு நினைவு வரவில்லை. 1993 தீபாவளிக்கு மறுபதிப்பு, அதன் எதிரே என் கையெழுத்தில் ‘ச் சேர்க்கவும், ஆச்சி திட்டு’.

இரண்டு விஷயம். ஒன்று, ஆச்சியிடம் கூலி வாங்கியவன் நான். வெளியாள் மாதிரி பத்து நாளாக இங்கே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பேச்சுப் பக்கத்தில் அதை எழுதிவிட்டேன், கட்டுரையை வைப்பதா எடுப்பதா என்பதில் இனி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை. இரண்டு, பிழையான அட்டை புழங்கியது 1992 ஜூலையிலிருந்து 1993 தீபாவளி வரைதான். கிட்டத்தட்ட 16 மாதம், 70 இதழ்.

பிப்ரவரி 16

காசு வாங்கி எழுதிய கட்டுரையை நீக்கிவிட்டார்கள். சரியான முடிவு. வாசகி தன் மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்க்கிற பக்கம்) ஐந்து வரி வரைவு வைத்திருக்கிறார், ‘தலைசிறந்த’ இல்லாமல். தான் யார் என்பதையும் மேலே எழுதியிருக்கிறார். நான் ‘சீப்புச் சீடை’ கட்டுரைக்கு நாலு படம் ஏற்றினேன், அந்தப் பெண்கள் சம்மதித்து விரல் மட்டும் தெரிகிற மாதிரி. அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். ஒற்றோடுதான் எழுதியிருக்கிறேன்.

வீட்டிலோ நூலகத்திலோ 1992 ஜூலை முதல் 1993 நவம்பர் வரை தமிழ் வார இதழ்களைக் கட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஒரு முழுப் பக்கம், இடது ஓரத்தில் பொட்டலத்தோடு ஒரு பெண், பின்பக்கம் பரிசுச் சீட்டு. அட்டை மஞ்சளாக இருக்கலாம். இதழ் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் வேண்டும். கிடைத்தாலும் அது ஒரு சான்றுதான், இன்னொன்று தேட வேண்டும்.

பிப்ரவரி 16, பின்குறிப்பு

மஞ்சள் இல்லையாம், பச்சையாம். ஆச்சி இப்போதுதான் போன் செய்தார்.